எரிபொருள் குழாய்களில் எது எதற்கு?

கேள்வி: பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் கே-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன் முறையில் வந்த என் பழைய மெர்சிடிஸ் காரை, முந்தைய உரிமையாளர் கார்புரேட்டருக்கு மாற்றியிருக்கிறார். கார்புரேட்டரில் பெட்ரோல் வழிகிறது. டேங்கிலிருந்து வரும் மூன்று குழாய்களில் எது எதற்கு?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வழிவதற்குக் காரணம் குழாய்கள் அல்ல, பழைய பம்ப் மாற்றப்படாமல் இருப்பதே என்று கருதுகிறேன். அந்த இன்ஜெக்‌ஷன் பம்ப் சுமார் 5 பார் அழுத்தம் தரக்கூடியது. கார்புரேட்டருக்கோ பொதுவாக 0.2 முதல் 0.3 பார் வரை போதும், அதற்கு மேல் போனால், உள்ளே வரும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வு தாங்காது. சூடான எக்ஸாஸ்ட் மீது பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும் என்பதால், குறைந்த அழுத்த பம்ப் பொருத்தும்வரை தயவுசெய்து வண்டியைக் கிளப்ப வேண்டாம்.

குழாய்களில், டேங்கின் அடியிலிருந்து வரும் தடித்தது பொதுவாகப் பெட்ரோலைக் கொண்டுவருவது. மெல்லியது, மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிச் செல்லும் ரிட்டர்ன் குழாய். மூன்றாவது ஆவிக்குழாய், அதை அடைத்தால் டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வரத்து தடைபடும். ரிட்டர்ன் குழாய் கார்புரேட்டருக்குத் தேவையில்லை என்று பலர் அடைத்துவிடுகிறார்கள். ஆனால் சித்திரை வெயிலில், திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்தருகே நெரிசலில் நிற்கும்போது, பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் நின்றுவிடாமல் காப்பது அந்தச் சுழற்சிதான் என்பதால், அதை அவசியம் விட்டுவையுங்கள். ரப்பர் ஹோஸ்களை, இன்றைய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் தரத்தில் புதிதாக வாங்குங்கள்.