தங்கைகளின் பங்கைக் கொடுத்துவிட்டு காணிக்கையைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: எனக்கு 58 வயது, களியக்காவிளைக்குப் பக்கம் இருக்கிறேன். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி அப்பாவின் ரப்பர் தோட்டத்தைக் கவனித்துவந்தேன். அம்மா முன்பே போய்விட்டார்; அப்பா உயில் எழுதாமல் இறந்தார். போன வருடம் தோட்டத்தில் 80 சென்ட்டை விற்றதில் 96 லட்சம் வந்தது. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் கட்டிக்கொடுத்த என் இரண்டு தங்கைகளும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். பணம் டெபாசிட்டில் இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் 22 லட்சம் தனியாக உண்டு. மனைவி ஓய்வுபெற்ற அரசு நர்ஸ், பென்ஷன் 38,000. மகன் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறான், மகளுக்குப் படிப்பு இன்னும் இரண்டு வருடம். வீட்டுச் செலவு மாதம் 45,000.

இந்தப் பணம் வந்ததிலிருந்து ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. காலையில் வேதத்தைத் திறப்பதற்கு முன்னால் போனில் கோட்டயம் ரப்பர் விலையையும் ஃபண்டையும் பார்க்கிறேன். ஐசுவரியவானைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்டதிலிருந்து தூக்கம் போய்விட்டது. 96 லட்சத்தையும் சபையின் புதுக் கட்டடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். மனைவி சம்மதிக்கவில்லை. கொடுக்கலாமா?

பதில்: நிதி ஆலோசகன் ஆயிற்றே, "அதெல்லாம் அர்த்தம் வேறு, பணம் இருப்பது தப்பில்லை" என்று தட்டிக்கொடுப்பேன் என்று எதிர்பார்த்திருந்தால், மன்னிக்கவும். ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்கிற அந்த வசனத்தை இளக்குவதற்குப் பல வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஊசிக்கண் என்று எருசலேமில் ஒரு குறுவாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு மண்டியிட்டு நுழையும் என்பது அதில் ஒன்று. அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. சொன்னது சொன்னதுதான். உங்கள் தூக்கம் போனது நியாயம்.

ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். தங்கைகள் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள் என்கிறீர்கள். அதற்கு அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. ஒன்றும் கொடுக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நம் கன்னியாகுமரிப் பகுதி 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே 1916ல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தின்படி மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் நாலில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ஸ்திரீதனம் கொடுத்தாகிவிட்டது என்றால் அதுவும் கிடையாது. மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986ல் இதற்கு முடிவு கட்டியது: 1951 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. சட்டம் மாறிப் பல வருடங்கள் ஆகியும் பழைய 1916 கணக்கில்தான் நம் வீடுகளில் இன்னும் பாகம் பிரிக்கிறோம். "அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே" என்ற பேச்சுக்கும் சட்டத்தில் இடமில்லை. தகப்பன் உயிரோடு இருக்கும்போது பிள்ளைக்குக் கொடுத்ததை, உயிலில்லாமல் இறந்தபின் வரும் பங்கில் கழிக்கக் கூடாது என்று அதே இந்திய வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது.

தங்கைகள் விருப்பப்பட்டுப் பதிவு செய்து கொடுத்திருந்தால் கோர்ட்டில் உங்களுக்குப் பயமில்லை. ஆனால் நீங்கள் கோர்ட்டைப் பற்றிக் கேட்கவில்லையே. 96 லட்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 64 லட்சம், தங்கைகளுடையது. அதை எடுத்துச் சபைக் கட்டடத்துக்குக் கொடுத்தால் அது உங்கள் காணிக்கை ஆகாது. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லி ஆலயத்துக்கு ஒதுக்கியவர்களை இயேசு என்ன சொன்னார் என்று மாற்கு 7ஆம் அதிகாரத்தில் பாருங்கள். கூடப்பிறந்தவர்கள் விஷயத்தில் மட்டும் வேறு பேச்சு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதலில் ஆளுக்கு 32 லட்சம் வங்கி வழியாக மாற்றுங்கள். உடன்பிறந்தோருக்குக் கொடுப்பதால் அவர்களுக்கு வருமான வரி வராது. மிச்சமுள்ள தோட்டத்துக்கும் இதே கணக்குதான். விற்ற நிலம் வரியில்லாத கிராம விவசாய நிலமா என்பது பேரூராட்சி, நகராட்சி எல்லையிலிருந்து உள்ள தூரத்தையும் அங்குள்ள மக்கள்தொகையையும் பொறுத்தது. பணத்தை அனுப்புவதற்கு முன் ஆடிட்டரிடம் கேட்டு, வரி உண்டென்றால் அதைக் கழித்துப் பிரியுங்கள்.

இது முடிந்தால் உங்கள் பங்கு 32, ஃபண்டில் 22, ஆக உங்களிடம் இருப்பது 54 லட்சம். இனி உங்கள் கேள்விக்கு வருவோம்.

எல்லாவற்றையும் கொடு என்று இயேசு சொன்னது ஒரு ஐசுவரியவானிடம். லூக்கா சுவிசேஷத்தில் அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே சகேயு என்ற வரிவசூல்காரன் வருகிறான். ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்கைத் திருப்பியும் தருகிறேன் என்கிறான். அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது. ஆதிச் சபையில் அனனியாவும் அவன் மனைவி சப்பீராளும் நிலத்தை விற்று மாட்டிக்கொண்டது, ஒரு பகுதியை வைத்துக்கொண்டதற்காக இல்லை, முழுவதையும் கொடுத்துவிட்டதாகப் பொய் சொன்னதற்காக. விற்றபின்பும் அது உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுருவே கேட்கிறார். ஆக, எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. பணம் உங்களைப் பிடித்திருக்கிறதா என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. பிடித்திருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். (பணம் இருப்பவருக்கு மட்டும் வருகிற வியாதி என்றும் நினைக்க வேண்டாம். எல்லை தாண்டிக் கேரளாவின் பாறசாலையில் லாட்டரி எடுக்க நிற்கிறவர்களின் ஜெபத்திலும் பணம்தான் உட்கார்ந்திருக்கும்.)

எங்கள் தொழிலில் ஒரு குறை உண்டு. உங்களுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று கேட்போம். எவ்வளவுக்கு மேல் வேண்டாம் என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் போட வேண்டியது இந்த இரண்டாவது கணக்கு. பென்ஷன் போக மாதம் 7,000 துண்டு விழுகிறது. விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்து அதற்கு 15 லட்சம், மகள் படிப்புக்கு 6, மருத்துவக் காப்பீட்டுக்கு மேல் ஆஸ்பத்திரி செலவுக்கு 12. மொத்தம் 33 லட்சம். இந்த எண்ணை உங்கள் மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அவர் பென்ஷனில்தான் வீடு நடக்கிறது. அவரைக் கேட்காமல் கொடுப்பது தியாகம் இல்லை. கூட இரண்டு லட்சம் வேண்டும் என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். எண் முடிவானதும் எழுதி வையுங்கள். அதற்கு மேல் இருக்கும் 21 லட்சம் வெளியே போகட்டும். பிற்பாடு ஃபண்ட் ஏறினாலும், தோட்டத்தில் உங்கள் பங்கு விலைபோனாலும், அதுவும் வெளியே.

இன்னும் கடுமையாக வாழ்ந்தவர் நம் மாவட்டத்திலேயே உண்டு. 1806ல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே சம்பளம் கைக்கு வந்ததும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். 1816ல் கிளம்பும்போது உருப்படியான உடுப்புகூட அவரிடம் இல்லை என்பார்கள். அவர் தனி ஆள், படிக்கிற மகள் கிடையாது. உங்களுக்கும் அப்படி ஒரு அழைப்பு இருக்கலாம். அதை நான் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது, ஆனால் மனைவிக்கும் அது கேட்கும்வரை காத்திருங்கள்.

கொடுக்கிற இடம்பற்றி என் சொந்த அபிப்பிராயம்: கட்டடத்துக்குக் கொஞ்சமாகக் கொடுங்கள். 96 லட்சம் கொடுத்தவருக்குச் சபையில் முன்வரிசையும் பளிங்குக் கல்லில் பெயரும் கமிட்டியில் ஒரு குரலும் தானாக வந்துவிடும். அப்புறம் பணம் செய்த வேலையை மரியாதை செய்யும். சபையின் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும்போது ஒரு பூசணிக்காய் என்ன விலைக்குப் போகிறது, ஏன் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. டயாலிசிஸ் செலவு, கடனில் இருக்கிற ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளை என்று பெயர் வெளியே வராத இடங்களாகப் பாருங்கள். வரிச்சலுகையை எதிர்பார்க்காதீர்கள்: புதிய வரிமுறையில் நன்கொடைக் கழிவே இல்லை, பழையதிலும் சபைக் காணிக்கைக்குப் பொதுவாக அந்தக் கழிவு கிடைக்காது.

உயிலில் எழுதி வைத்தால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். கிறிஸ்தவர்கள் தர்மத்துக்கு உயில் எழுதுவதில் இருந்த பழைய கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2003ல் நீக்கிவிட்டது, தாராளமாக எழுதலாம். ஆனால் உங்கள் பிரச்சினை இன்று காலை போனைத் திறந்த கை. சாகும்போது தானாக விடப்போகிற பணத்தை உயிலில் விடுவதால் அந்தக் கை அடங்காது.

ஃபண்ட் ஆப்பை இன்றே அழியுங்கள், பாஸ்வேர்டு மனைவியிடம் இருக்கட்டும். 33 லட்சத்துக்கு வருடம் ஒருமுறை பார்த்தால் போதும். 21 லட்சத்தையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். டெபாசிட்டைச் சிறு துண்டுகளாகப் பிரித்துப் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒன்று முதிரும்படி வைத்துக் கொடுத்துவாருங்கள். தங்கைகளின் 64 லட்சத்துக்கு மட்டும் இந்தத் தவணை வேண்டாம். முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டி கொஞ்சம் குறையும், அந்த நஷ்டம் உங்கள் பங்கில் போகட்டும்.