சீஸ் செய்தபின் வடியும் தண்ணீரிலிருந்து வே புரோட்டீனை எப்படிப் பிரிக்கிறார்கள்? காய்ச்சி வற்றவைத்தால் போதாதா?

போதாது. அந்த மஞ்சள்பச்சைத் தண்ணீரை அடுப்பில் வைத்து வற்றவைத்தால் புரதம் சூட்டில் திரிந்துவிடும். மிஞ்சுவதிலும் பெரும்பங்கு லாக்டோஸ் சர்க்கரைதான். அதனால்தான் நுண்துளைகள் கொண்ட வடிகட்டிச் சவ்வு தேவைப்படுகிறது.

லாக்டோஸின் மூலக்கூறு எடை 342. வே புரதங்களில் முதன்மையான பீட்டா-லாக்டோகுளோபுலினுக்கோ சுமார் 18,000. இடையில், சுமார் 10,000-க்கு மேல் எடையுள்ள மூலக்கூறுகளைத் தடுக்கும் சவ்வை வைத்தால் சர்க்கரையும் உப்பும் தண்ணீரோடு வெளியேறும், புரதம் தங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இனிமேல்தான். காபி ஃபில்டரில் ஊற்றுவதுபோல் நேராக ஊற்றினால், புரதம் பாசிபோலப் படிந்து துளைகளை அடைத்துவிடும். அதனால் திரவத்தைச் சவ்வின்மேல் உரசியபடி பக்கவாட்டில் வேகமாக ஓடவிடுகிறார்கள். அந்த ஓட்டமே படிவதை வழித்துக்கொண்டு போகும். பிறகு நல்ல தண்ணீர் விட்டு விட்டு மிச்சச் சர்க்கரையை அலசி எடுத்து உலர்த்தினால், 80 சதவீதம் புரதம் உள்ள தூள் கிடைக்கும்.