நான்கு மாதம் ஓட்டாத படகு: தண்ணீரிலா, டிரெய்லரிலா?

16 அடி ஃபைபர் படகை நான்கு மாதம் படகுத்துறையிலேயே கட்டி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், டிரெய்லரில் ஏற்றிவிடுங்கள். தண்ணீரில் கிடந்தால் அடியில் பாசி பிடிப்பது சின்னத் தொல்லைதான். மழைநீர் சேரச் சேர, படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் ஓடி, பேட்டரி தீர்ந்துவிட்டால் படகே மூழ்கும்.

கரையில் கூரைக்கடியில் இடம் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, பின்னால் நீர் வடியும் துளையை அடைத்திருக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள் (பலர் மறப்பது இதைத்தான்). தார்ப்பாய்க்கு நடுவே கம்பு கொடுத்துச் சரிவாக்குங்கள். காற்றுப் போகாமல் இறுக்கி மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

அவுட்போர்டை (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) நன்னீரில் ஓட்டிக் கழுவி, செங்குத்தாக இறக்கியே வையுங்கள். சாய்த்துத் தூக்கி வைத்தால் உள்ளே நீர் தங்கும். வடிக்கும்போது எஞ்சினின் கியர் ஆயில் பால் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, பெரும்பாலும் சீல் (நீர் புகாமல் தடுக்கும் வளையம்) போயிருக்கும். அந்த வளையத்தை இப்போதே மாற்றுங்கள். பேட்டரியைக் கழற்றி, மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.