முனி அடித்த வீடு

அன்புள்ள ஐயா,

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். வயது 34. கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். போன வைகாசியில் என் தம்பி கபடி ஆடும்போது மயங்கி விழுந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிட்டான். வெயில் என்று விட்டுவிட்டோம். அடுத்த மாதம் மறுபடியும் விழுந்தான். தஞ்சாவூருக்கு அழைத்துப் போனோம். எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இதயத் தசை தடித்திருக்கிறது, ஹைப்பர்டிராபிக் கார்டியோமயோபதி, பரம்பரையாக வருவது, வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் பார்த்துக்கொண்டேன். எனக்கும் தசை தடித்திருக்கிறது, பதினேழு மில்லிமீட்டர். இன்றுவரை ஒரு தலைசுற்றல்கூட வந்ததில்லை.

அப்பா 41 வயதில் களத்துமேட்டில் விழுந்து இறந்தார். அவருடைய அக்கா, கல்யாணமான மறுவருஷம் குளத்துப் படித்துறையில். எங்கள் வீட்டை ஊரில் ‘முனி அடித்த வீடு’ என்பார்கள். சிறு வயதில் அதைக் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறேன்.

ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். தாலி ஏறுகிற வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்கிறார் அம்மா. என் மகளுக்கு ஏழு வயது. அவள் தெருவில் ஓடினால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. உங்களுக்கும் இது இருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். எப்படித் தாங்கிக்கொண்டீர்கள்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் உங்கள் தம்பி. உடம்பை வருத்தும்போது இரண்டு முறை மயக்கம், தகப்பனார் 41இல் திடீர் மரணம். இவை இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதை இந்த நோய் தெரிந்த எந்த இதய மருத்துவரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார். இடது காறை எலும்புக்குக் கீழே பொருத்துகிற ஒரு சிறு கருவி இருக்கிறது, ஐ.சி.டி. என்பார்கள். துடிப்பு தடம்புரண்டால் அதுவே கண்டுபிடித்து உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும். எல்லோருக்கும் வைப்பதில்லை. உங்கள் தம்பிக்கு வேண்டுமா என்ற கேள்வியை யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் இந்த வாரமே போய் நீங்கள் கேளுங்கள். அதுவரை கபடி வேண்டாம், நெல் மூட்டை தூக்க வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் நன்றாகத் தாங்கிக்கொள்ளவில்லை. அதைத்தான் எழுதப்போகிறேன்.

எனக்குத் தெரிந்தது 2014இல், ஐம்பதாவது வயதில். சுவாமிமலைக்கு அறுபது படிகள், தமிழ் வருஷங்கள் அறுபது என்ற கணக்கில். சிறு பையனாக ஓடி ஏறிய படி. அன்று நாற்பதாவது படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சில் யாரோ முழங்கையை ஊன்றியதுபோல் இருந்தது. கீழே வந்து பார்த்த மருத்துவர் வாயு என்றார். பெருங்காயத்தையும் ஒரு மாத்திரையையும் நம்பி எட்டு மாதம் ஓட்டினேன். பிறகு வேறு ஊரில் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். இதய ரத்தக் குழாயில் அடைப்பே இல்லை. சந்தோஷமாக வீட்டுக்குக் கிளம்பியவனை எக்கோ அறைக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த அறை இருட்டாக இருந்தது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, விலாவில் குளிர்ந்த பசையைத் தடவினார் எக்கோ எடுக்கிற பெண். திடீரென்று ஒலியைக் கூட்டினார். என் ரத்தம் ஓடுகிற சத்தம். மதகுப் பலகையை அரையடி தூக்கினால் தண்ணீர் இரைந்துகொண்டு போகுமே, அச்சு அசல் அது. அவர் ஒரு இடத்தில் நிறுத்தி, மறுபடி மறுபடி அளந்தார். பிறகு திரையைப் பார்த்தபடியே கேட்டார்: “உங்கள் வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இறந்தவர்கள் உண்டு. ஆனால் அவர்களை அதுவரை ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்ததில்லை.

அந்த வரிசை எங்கள் வீட்டிலேயே இருந்தது. திதி நோட்டு. அப்பாவின் கையெழுத்தில், அதற்கு முன் தாத்தாவின் கையெழுத்தில், யாருக்கு எந்த மாதம், எந்தப் பட்சம், எந்தத் திதி என்று எழுதியிருக்கும். ஆடி அமாவாசைக்குத் திருவையாற்றுப் படித்துறைக்குப் போகும்போது மஞ்சள் பையில் கூடவே வரும். மருத்துவர் வம்ச வரைபடம் வேண்டும் என்றதும் அதைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். அவருக்குக் கிருஷ்ண பட்சமும் சுக்ல பட்சமும் ஓர் உதவியும் செய்யவில்லை. வயது என்ன என்றார். நோட்டில் வயது மட்டும் இல்லை. செத்தவருக்கு வயது எதற்கு?

பெரியத்தைக்கு அப்போது 88. திண்ணையில் உட்கார வைத்து ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். தாத்தாவின் தம்பி, நாற்றுமுடி தூக்கிக்கொண்டு வரப்பில் போகும்போது. “கல்யாணமாகி ஆறு மாதம்தான், உச்சிப்பொழுது, முனி அடித்துவிட்டது.” இன்னொருவர் ஆற்றில் நீந்தும்போது. “சுழலில் போய்விட்டான்” என்றார் அத்தை. அந்த இடத்தில் சுழலே கிடையாது தம்பி, இடுப்பளவுத் தண்ணீர்.

உங்கள் கடிதத்தில் முனி என்ற சொல்லைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்ததற்கு இதுதான் காரணம். முனி எப்போது அடிக்கும், யாரை அடிக்கும் என்று நம் ஊர்ப்பக்கம் சொல்வதை நினைத்துப் பாருங்கள். உச்சிவேளை. ஆளில்லாத வயல். வாட்டசாட்டமான இளவட்டம். வேலை செய்துகொண்டிருக்கும்போது. நோயில் கிடந்தவனை முனி அடித்ததாகக் கேட்டிருக்கிறீர்களா? நம் முன்னோர் பார்த்ததில் பிழையில்லை. சித்திரை வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றும்போதுதான் இந்த இதயம் அதிகம் தவிக்கும். இடது கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலை ஒட்டி நடுச்சுவர் தடித்துவிடுகிறது, மதகின் முன் மண் மேடிட்டதுபோல. வாய்க்கால் நிறைந்து ஓடினால் மேட்டைத் தாண்டிப் போய்விடும். தண்ணீர் குறைந்தால் அங்கேதான் இழுபறி. எல்லோருக்கும் வாசல் குறுகுவதில்லை, சிலருக்குத் தடிப்பு மட்டும்தான். ஆனால் தடித்த தசையின் இழைகள் ஒழுங்கு குலைந்து கிடப்பதால் துடிப்பு தடம்புரளலாம். திடீர் மரணத்துக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். லண்டனில் டொனால்ட் டியர் என்ற நோய்க்கூறியல் மருத்துவர் 1958இல் திடீரென இறந்த இளவயதினரின் இதயங்களை அறுத்துப் பார்த்து இந்தத் தடிப்பை விவரித்தார். காரணமான மரபணுக்களில் முதலாவது 1990இல்தான் அகப்பட்டது. அதுவரை லண்டன்காரர்களுக்கும் இது ஒரு முனிதான்.

இப்போது நான் வெட்கப்படுகிற பகுதி.

அந்த மருத்துவர் என்னிடம், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், அப்பா வழி உறவுகள் எல்லோரிடமும் சொல்லுங்கள் என்றார். அக்காவிடம் சொன்னேன். பிள்ளைகளைப் பார்க்கவைத்தேன். குத்தாலம் பக்கம் இருந்த சித்தப்பா மகனிடம் சொல்லவில்லை. இரண்டு மா நிலத்துக்காக எங்களுக்குள் வழக்கு. பேச்சுவார்த்தை நின்று ஏழு வருஷம். நானாகப் போய் என் நோயைச் சொன்னால் இளக்காரமாகப் போய்விடும் என்று நினைத்தேன். பயமுறுத்தி நிலத்தைப் பிடுங்கப் பார்க்கிறான் என்று அவன் நினைப்பான் என்றும் நினைத்தேன். ஒரு தபால் அட்டை போட்டிருக்கலாம். போடவில்லை.

2016 புரட்டாசியில், சம்பா நடவுக்கு நாற்றுக்கட்டு இறக்கிக்கொண்டிருந்தவன் வரப்பில் சரிந்தான். 39 வயது. சோடா வாங்க ஒருவர் ஓடினார். நெஞ்சை அழுத்த யாருக்கும் தெரியவில்லை. பிரேதப் பரிசோதனை இல்லை, அதனால் இதுதான் என்று யாரும் எழுதித் தரவில்லை. மாரடைப்பு என்றார்கள். அத்தை முனி என்றார். நான் சாவு வீட்டில் ஓரமாக நின்றேன். சொல்லியிருந்தால் அவன் எக்கோ எடுத்திருப்பானா, எடுத்திருந்தால் இருந்திருப்பானா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. சொல்லவில்லை என்பது தெரியும். பங்காளி என்று எதைச் சொல்கிறோம்? சொத்தில் பங்கு உள்ளவன் என்று மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஆகவே ‘தெரியாமலே இருந்திருக்கலாம்’ என்று எழுதாதீர்கள் தம்பி. உங்கள் அப்பா அப்படித்தான் இருந்தார்.

தங்கையின் கல்யாணம். உங்கள் அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். 41 வயதுக் கணவனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர், கரையேறுகிற நேரத்தில் கால் வழுக்கிவிடுமோ என்று பயப்படுகிறார். ஆனாலும் அவர் சொல்வது தவறு. முதல் காரியம், தங்கைக்கு எக்கோவும் ஈசிஜியும் எடுங்கள். பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவ்வளவுதான். உங்கள் இருவருக்கும் வந்ததால் அவளுக்கும் வந்தே தீரும் என்றில்லை, வராது என்றும் இல்லை. இருந்தாலும் தகுந்த மருத்துவர் கண்காணிப்பில் பெரும்பாலான பெண்கள் நல்லபடியாகவே பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் பிரசவம் பார்க்கிற மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். கணவனிடம் மறைத்துவிட்டு அதை எப்படிச் செய்வாள்?

மாப்பிள்ளை வீட்டில் சொல்லுங்கள். தங்கையின் சம்மதத்தோடு, மாப்பிள்ளையிடம் முதலில் அவளே சொல்வது நல்லது. ரஜ்ஜு தட்டுகிறதா என்று மூன்று ஜோசியரிடம் கேட்டுவிட்டுத்தானே இரு வீட்டாரும் தட்டை மாற்றியிருப்பீர்கள்? ஆயுளைப் பற்றிப் பேசுவது நம் கல்யாணங்களில் புதிதல்ல. கேட்டுவிட்டு விலகுகிறவர்கள் விலகட்டும். ஐந்நூறு பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கு. அந்தக் கல்யாண மண்டபத்தில் உங்களைத் தவிரவும் ஒருவர் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

மகளைப் பற்றி எழுதியதைத்தான் இரண்டு முறை படித்தேன். என் மகனை முதல் தடவை அழைத்துப் போனபோது அவனுக்குப் பதினான்கு. எக்கோவில் ஊசி இல்லை, வலி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. பசை மட்டும் குளிரும், அதை முன்பே சொல்லிவிடுங்கள். இன்றைக்கு இயல்பாக இருந்தாலும் அத்தோடு முடிந்துவிடாது. தடிப்பு பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் தலைகாட்டும் என்பதால், பிள்ளைகளுக்கு ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறையும், பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையும் திரும்பப் பார்க்கச் சொல்கிறார்கள். உங்கள் தம்பிக்கு மரபணுச் சோதனை செய்ய முடிந்தால் செய்யுங்கள். எல்லோருக்கும் காரணம் அகப்படுவதில்லை. அகப்பட்டால், அது இல்லாத பிள்ளைகள் இந்த வருடாந்தர நடையிலிருந்து தப்பிக்கலாம்.

(இதில் நம் பக்கத்து ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதாக 2009இல் வெளியான ஆய்வில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் முக்கியப் பங்கு வகித்தார்கள். அதைச் சுமக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. இது எங்கோ மேல்நாட்டார் சொல்லும் வியாதி என்று யாராவது சொன்னால் சொல்வதற்காக எழுதுகிறேன்.)

அவளை ஓடவிடுங்கள். பரிசோதித்து மருத்துவர் சொல்கிற வரம்புக்குள் ஓடவிடுங்கள். முன்பெல்லாம் இந்த நோய்க்காரர்களை அசையாதே என்பார்கள். இப்போது அளவான நடை, மிதிவண்டி எல்லாம் வேண்டும் என்றே சொல்கிறார்கள். நான் தினமும் அரசலாற்றங்கரையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். பதினொரு வருஷமாக, துடிப்பைத் தணிக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை. வெயிலுக்கு முன் திரும்பிவிடுவேன். செம்பு நிறைய நீராகாரம் குடிப்பேன். எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவிடுவேன். ரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் வழக்கமாகக் கொடுக்கிற சில மாத்திரைகள், நீர் பிரியும் மாத்திரை உட்பட, வாசல் குறுகியவர்களுக்கு ஆகாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். சரியாகப் பார்த்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே வயதாகித்தான் போகிறார்கள். எனக்கே 61 ஆகிறது, முழங்கால்தான் பெரிய தொந்தரவு.

வீட்டில் எல்லோரும் நெஞ்சை அழுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். விழுந்தவர் கூப்பிட்டும் அசையாமல், மூச்சு சரியாக இல்லாமல் கிடந்தால், ஒருவர் 108ஐ அழைக்க, மற்றவர் மார்பின் நடுவே இரண்டு அங்குல ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்த வேண்டும். சோடா வேண்டாம்.

சித்தப்பா மகனின் பிள்ளைகள் இரண்டு பேர். காரியம் முடிந்த மறுவாரம் போனேன். அவன் மனைவி வாசலில் நிற்க வைத்தே பேசினாள், அதுவும் நியாயம்தான். பெரியவளுக்கு இப்போது பத்தொன்பது, எக்கோ இயல்பு. சின்னவனுக்கு பதினான்கு மில்லிமீட்டர், மாத்திரை சாப்பிடுகிறான். வருஷம் ஒருமுறை அவனை நான்தான் பஸ்ஸில் அழைத்துப் போகிறேன். வழக்கு இன்னும் நடக்கிறது.

உங்கள் அப்பாவின் அக்கா படித்துறையில் விழுந்தபோது என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. அம்மாவிடம் கேளுங்கள். அந்த அத்தைக்குப் புக்ககத்தில் பிள்ளை ஏதும் இருந்ததா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.