தண்டை வெட்டிப் பார்க்காமல் மருந்து வாங்காதீர்கள்

கேள்வி: ‘வாடல் நோயைத் தாங்கும்’ என்று பாக்கெட்டில் அச்சிட்டிருந்த வீரிய ரகத் தக்காளியை நட்டேன். பூக்கும் பருவத்தில் செடிகள் பச்சை மாறாமலேயே பகலில் துவண்டு, இரவில் சற்று நிமிர்ந்து, சில நாட்களில் செத்துவிடுகின்றன. விதை விற்றவர் சொன்ன பூஞ்சாணக்கொல்லியை ஊற்றினேன், பயனில்லை. இப்போது ஆன்டிபயாடிக் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? பிழைத்த செடிகளில் விதை எடுக்கலாமா?

பதில்: எதையும் வாங்க வேண்டாம். ஒரு கத்தியும் கண்ணாடி டம்ளரும் போதும். இன்றைக்குத் துவண்ட செடியாகப் பார்த்து, தரையை ஒட்டிய தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டுங்கள். காய்ந்து சருகான செடி உதவாது. தெளிந்த நீர் நிரம்பிய டம்ளரில் வெட்டுமுனை மட்டும் நனையும்படி துண்டை அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் நிறத்தில் மெல்லிய இழைகள் கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். இழை இறங்காமல், தோலைச் சீவினால் உள்ளே பழுப்புக் கோடுகள் மட்டும் தெரிந்தால், பெரும்பாலும் ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் வந்த வாடல். பூஞ்சை வாடலில் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும், அதுவும் பல நேரம் ஒரு பக்கமாக. நீங்கள் எழுதியிருப்பது அப்படி இல்லை. எனக்குப் பாக்டீரியா மீதுதான் சந்தேகம்.

அந்த இழை எங்கிருந்து வருகிறது? வேர் உறிஞ்சும் நீரை மேலே ஏற்றும் நுண்குழாய்கள் தண்டுக்குள் வளையமாக அமைந்திருக்கின்றன. வேர்க் காயம் வழியாக நுழையும் பாக்டீரியா அவற்றில் பெருகி, பிசின் போன்ற கூழைச் சுரந்து அடைத்துவிடுகிறது. மண்ணில் ஈரம் இருந்தும் செடி தாகத்தில் சாவது இதனால்தான். பூஞ்சாணக்கொல்லி பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. ஆன்டிபயாடிக்கும் அந்தக் கூழுக்குள் இருப்பதை ஒழிக்காது. வயலில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவைத்தான் வளர்த்துவிடும். முதல் மருந்து பலிக்காதபோது தண்டைப் பார்க்காமலேயே இரண்டாவதை நீட்டுகிறவர் உங்கள் செடிக்காகப் பேசவில்லை. துவண்ட செடியை வேர்மண்ணோடு அகற்றுங்கள், குப்பைக் குழியில் போடாதீர்கள். அந்த இடத்தைத் தொட்டு வரும் பாசன நீர் மற்ற வரிசைகளுக்குப் போகக் கூடாது. கத்தியையும் கழுவுங்கள். அடுத்த பயிராகக் கத்தரி, மிளகாய், உருளை வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம், ஒரே நோய்.

இந்தப் பாக்டீரியாவை அமெரிக்கத் தாவர நோயியலாளர் எர்வின் ஸ்மித் 1896இலேயே விவரித்துவிட்டார். அறிவியலாளர்கள் அதன் பேரினப் பெயரைப் பலமுறை மாற்றி, கடைசியில் ரால்ஸ்டோனியா என்று வைத்தார்கள். விதைப் பாக்கெட்டில் மட்டும் இன்னும் ‘வாடல்’ என்று மொட்டையாக அச்சிட முடிகிறது. எந்த வாடல் என்று கேட்க ஆளில்லை. பெரும்பாலும் அது ஃபுசேரியத்தைத்தான் குறிக்கும். அதிலும் மூன்று பிரிவுகள் உண்டு. ஒரு முறையில் அவற்றை 1, 2, 3 என்று எண்ணுகிறார்கள். இன்னொரு முறையில் 0, 1, 2. ஆகவே இரண்டு பாக்கெட்டுகளில் உள்ள ‘1’ ஒரே பிரிவாக இருக்க வேண்டியதில்லை. ஆய்வகத்துக்கு அனுப்பிக் கேட்கலாம்தான். படிவம், முத்திரை, காத்திருப்பு எல்லாம் முடிந்து பதில் வரும்போது வயலில் செடி இருக்காது. அதனால்தான் டம்ளரைச் சொன்னேன்.

விதை எடுக்க வேண்டாம். வீரிய ரகம் என்பது இரண்டு பெற்றோர் ரகங்களைக் கலந்த முதல் தலைமுறை. ஃபுசேரியம் எதிர்ப்பு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் ஒற்றை ஓங்கு மரபணுவாக (ஒரு பிரதி இருந்தாலே வேலை செய்வது) வந்திருந்தால், அடுத்த தலைமுறையில் சராசரியாக நான்கில் ஒரு செடிக்கு அது இருக்காது. பாக்டீரியா வாடலுக்கான எதிர்ப்போ பல மரபணுக்கள் கூடித் தருவது. விதை எடுத்தால் சிதறிவிடும். பிழைத்த செடி எதிர்ப்புள்ளது என்பதும் உறுதியில்லை, நோய் அதன் வேருக்கு இன்னும் போய்ச் சேராமல் இருக்கலாம்.

அதே மண்ணில் தக்காளிதான் வேண்டும் என்றால் வழி ஒன்று உண்டு: ஒட்டுக்கட்டிய நாற்று. சுண்டை, அல்லது எதிர்ப்புள்ள கத்தரி ரகம் இவற்றின் வேர்ப்பகுதியில் உங்கள் தக்காளியின் நுனியை ஒட்டுவது. இரு தண்டுகளிலும் தோலுக்கு உட்புறம் உள்ள வளர்திசு வளையங்கள் ஒன்றையொன்று தொட வேண்டும்; தொட்டால்தான் குழாய்கள் இணையும். தடிமன் பொருந்தாத தண்டுகள் ஒட்டைப் பிடிக்கும் கிளிப்பில் நேராக நிற்கும், ஒரு வாரத்தில் வாடும், நோய் என்று நினைத்து மறுபடி மருந்துக் கடைக்குப் போவீர்கள். வாங்குவதானால் வேர்ச்செடி எது, எந்த வாடலைத் தாங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். ‘எல்லா நோயும் தாங்கும்’ என்றால் திரும்பி வந்துவிடுங்கள். ஒட்டு சேர்ந்த தழும்பைக் கையால் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் பிளவு தெரிந்தால் வேண்டாம். நடும்போது அந்தத் தழும்பு மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரிய வேண்டும். தக்காளித் தண்டை ஆழப் புதைத்து நடும் பழக்கம் இங்கே கெடுதல்: புதைந்த தண்டு தன் வேரை விடும், அந்த வேர் வழியாகப் பாக்டீரியா ஏறும், ஒட்டுக்குச் செய்த செலவு வீண். மண் அணைக்கும்போதும் இதைக் கவனியுங்கள். தழும்புக்கு மேலே வேர் முளைத்தால் அன்றே கிள்ளிவிடுங்கள்.