வாவித் தண்ணீரில் வீட்டைக் குளிர்விக்கலாமா?

கேள்வி: டொரொன்டோவில் இருக்கும் அண்ணா, அங்கே பெரிய பெரிய கட்டடங்களை ஏரித் தண்ணீரால் குளிர்விக்கிறார்கள் என்கிறார். எங்கள் வளவுக்குப் பின்னால் மட்டக்களப்பு வாவிதான். ஏசிக்குக் கரண்ட் பில் கட்டி மாளவில்லை. இங்கேயும் அப்படிச் செய்ய முடியாதா? (வாசகி, கல்லடி)

பதில்: அண்ணா சொன்னது உண்மைதான், 2004இலிருந்து நடக்கிறது. ஒன்டாரியோ ஏரியில் கரையிலிருந்து 5 கிலோமீற்றர் தள்ளி, 83 மீற்றர் ஆழத்திலிருந்து 4 பாகை செல்சியஸ் தண்ணீரைக் குழாயில் எடுக்கிறார்கள். தண்ணீருக்கு 4 பாகையில்தான் அடர்த்தி கூட, அதனால் பனிக்காலத்தில் ஆறிய தண்ணீர் அடியில் போய்த் தங்கிவிடும், கோடை வந்தாலும் அங்கேயே கிடக்கும். கட்டடங்களுக்குள் சுற்றிவரும் வேறு தண்ணீருக்குத் தன் குளிரைக் கொடுத்துவிட்டு, ஏரித் தண்ணீர் நகரத்தின் குடிநீருக்கே போய்விடுகிறது. வீணாக ஒன்றும் போவதில்லை, எனக்கு அதில் மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, நம் வாவிக்கு வருவோம். மத்தியானம் முழங்கால் அளவுக்கு இறங்கி நின்று பாருங்கள், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். பெரும்பாலான இடங்களில் இரண்டு ஆள் ஆழம்கூட இல்லாத வாவியில் குளிர் எங்கே போய் ஒளிந்திருக்கும்? ஏசி வெளியே தள்ளும் சூட்டை மட்டும் காற்றுக்குப் பதிலாக வாவிக்குக் கொடுக்கலாம், சூடான கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் அதனால் ஏசிக்குச் சுமை கொஞ்சம் குறையும். ஆனால் உவர்த்தண்ணீர் உலோகத்தை அரித்துவிடும், குழாயில் பாசியும் சிப்பியும் பிடிக்கும், டைட்டானியம் கருவி போட்டால்தான் தாங்கும், ஒரு வீட்டுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அதைவிடப் பெரிய விஷயம், தண்ணீர் சூடானால் அதில் ஒட்சிசன் குறையும். இறாலையும் மீனையும் நம்பி வலை வீசுகிறவர்களின் வாவி அது, கரையோரம் வீட்டுக்கு வீடு சூட்டை இறக்கினால் அடிபடுவது அவர்கள்தான்.

முதலில் மேற்குச் சுவருக்கு ஒரு கிடுகுப் பந்தல் போடுங்கள். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே அடைபட்ட சூடு வெளியேற வழி வையுங்கள். அப்புறம் ஏசியை 26இல் விட்டாலே போதும், அடுத்த மாத பில்லில் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: அப்படியென்றால் அம்பாறைப் பக்கம் இருக்கும் பெரிய குளமான சேனநாயக்க சமுத்திரம் ஆழம்தானே? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: ஆழம்தான், ஆனால் நமக்குப் பனிக்காலம் இல்லையே. மேலே ஒருநாளும் 4 பாகைக்கு ஆறாத தண்ணீர், அடியிலும் அந்தக் குளிரோடு இருக்காது. போதாததற்கு, வயலுக்குத் திறந்துவிடத் திறந்துவிட நீர்மட்டமும் இறங்கிக்கொண்டே போகும்.