செனிங் அறுவைக்குப் பின் பேஸ்மேக்கர்: முதலில் பார்க்க வேண்டியது பாதையை

கேள்வி: எனக்கு வயது 32. பிறவியிலேயே இதயத்தின் பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறியிருந்ததால், கைக்குழந்தையாக இருந்தபோது செனிங் அறுவை செய்தார்கள். சில மாதங்களாக மாடிப்படி ஏறினாலே சோர்வு. விழித்திருக்கும்போதே நாடித்துடிப்பு 40-க்குக் கீழே இறங்குகிறது. பேஸ்மேக்கர் வேண்டும் என்கிறார்கள். அன்றைய அறுவையில் குறை நேர்ந்ததா? உடனே பொருத்திக்கொள்ளலாமா?

பதில்: குறை நேர்ந்திருக்க வேண்டியதில்லை. இவ்வறுவையில் மேலறைகளின் சுவர்களையே மடித்துத் தைத்து, உடலிலிருந்து திரும்பும் இரத்தம் இடது கீழறை வழியே நுரையீரலுக்கும், நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் வலது கீழறை வழியே உடலுக்கும் செல்லுமாறு பாதை மாற்றப்படுகிறது. துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் முடிச்சும் அதற்கான சிறு தமனியும் அந்தத் தையல்களுக்கு அருகிலேயே இருப்பதால், ஆண்டுகள் செல்லச் செல்ல அம்முடிச்சு தளர்வது இவ்வறுவை செய்துகொண்டோரிடம் பரவலாகக் காணப்படுகிறது. (1958-இல் ஸ்டாக்ஹோமில், உடலுக்குள் முழுமையாகப் பதிக்கும் முதல் பேஸ்மேக்கரைப் பொருத்தியவரும் இவ்வறுவைக்குப் பெயர் தந்த மருத்துவர் செனிங்தான்.)

சோர்வுக்குத் துடிப்புக் குறைவே காரணம் என்று ஹோல்டர் பதிவில் (இதயத் துடிப்பை நாள் முழுவதும் தொடர்ந்து பதியும் சோதனை) தெரிந்தால், பேஸ்மேக்கர் பொருத்துவது சரியான முடிவே. ஆனால் அவசரம் வேண்டாம். உடல் முழுவதற்கும் இரத்தம் அனுப்பிவரும் உங்கள் வலது கீழறை தளர்ந்திருந்தாலும் இதே சோர்வு வரும், அதை பேஸ்மேக்கர் தனியே சரிசெய்யாது.

நான் அதிகம் வலியுறுத்துவது, பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்கு மின்தூண்டலைக் கொண்டுசெல்லும் கம்பி போகும் பாதையைத்தான். தோள்பட்டைச் சிரை வழியாக நுழையும் கம்பி, மேற்பெருஞ்சிரையிலிருந்து (உடலின் மேற்பகுதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய சிரை) அறுவையில் அமைத்த அந்தத் தடத்தின் வழியாகத்தான் இதயத்துக்குள் போக முடியும். அத்தடம் வெளியில் எந்த அறிகுறியும் காட்டாமலேயே சுருங்கியிருக்கலாம். அப்படியானால் முதலில் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் வைத்து விரிக்க வேண்டும். தையலில் கசிவு இருந்தாலோ, கம்பியில் படியும் இரத்தக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் வரக்கூடும்; ஆகவே கசிவை முன்னரே அடைக்க வேண்டும், அல்லது மார்பைத் திறந்து இதயத்தின் வெளிப்புறத்தில் கம்பியைப் பொருத்த வேண்டும். எக்கோவுடன் (இதயத்தின் ஒலியலைப் படம்) சி.டி. ஆஞ்சியோவும் (இரத்தப் பாதைகளைக் காட்டும் ஸ்கேன்) எடுக்காமல் இதை முடிவு செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலான மின்கடத்தல் சீராக இருந்தால், மேலறையை மட்டும் தூண்டுவதே பெரும்பாலும் நல்லது. தேவையின்றிக் கீழறையைத் தூண்டிக்கொண்டிருப்பது அதன் சுருக்கத்தைக் காலப்போக்கில் பலவீனப்படுத்தலாம். மேலறையில் கம்பி பதியும் இடத்துக்கு அருகே, மூச்சுக்கு உதவும் உதரவிதானத் தசையை இயக்கும் நரம்பு செல்வதால், பொருத்திய பின் விக்கல் போன்ற துடிப்பு தோன்றினால் உடனே தெரிவியுங்கள்.

பழைய அறுவைக் குறிப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, பிறவி இதயக் குறைபாடுள்ள பெரியவர்களைப் பார்த்துப் பழகிய மையத்துக்குச் செல்லுங்கள். இடையில் மயக்கமோ, திடீரென மிக வேகமான படபடப்போ வந்தால், குறித்த நாளுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.